காகத்துக்கு ஓங்கிய கை

நாரந்தனைக் கரையில் போய் எமிலியானுஸ் வீடு எது என்று கேட்டால், எந்த எமிலியானுஸ் என்று திருப்பிக் கேட்பார்கள். ராசா எமிலியானுஸ் என்று சொன்னால் போதும். வலை உதறிக்கொண்டு நிற்பவர்கூட வேலையை விட்டுக் கூடவே வந்து படலையைத் திறந்துவிடுவார். கோயில் பெருநாளுக்குக் கூத்துப் போட்டால் ராசா வேடம் அவருக்குத்தான். ஆளும் அதற்கேற்ற ஆள். நல்ல உயரம், எஞ்சின் இரைச்சலுக்கு மேலால் கத்திப் பழகிய தொண்டை, கிரீடம் வைக்காத நாளிலும் வைத்தாற்போல ஒரு நிமிர்வு.

தொண்ணூறாம் ஆண்டு தீவுகள் வெறிச்சோடியபோது அவரும் மனுசி மேரிஜோசப்பினும் மகள் பிரேமினியும் பாசையூருக்கு ஓடினார்கள். அங்கே அடுத்தவன் வள்ளத்தில் கூலிக்குப் போனார். அங்கேதான் முதல்முதலாக ராசாவாகவும் ஆடினார். தொண்ணூற்றாறில் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கடலுக்குப் போக நேவியிடம் பாஸ் எடுக்கவேண்டியிருந்தது. ஓலை வேய்ந்து, பாஸ் எடுத்து, கரையோடு ஒட்டிக்கொண்டு தொழில் செய்து, பிறகு மெல்ல மெல்ல ஓடு போட்டு ஒரு மாதிரி நிமிர்ந்தார். இத்தனைக்கும் நடுவில் குடிக்கப் பழகவில்லை. இளந்தாரியாக இருந்தபோது ஒரு கலியாண வீட்டில் கள்ளை வாயில் வைத்து, வைத்த வேகத்திலேயே சத்தி எடுத்து, மாப்பிள்ளையின் வேட்டியைப் பழுதாக்கியதோடு அந்தக் கதை முடிந்தது.

கூத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. எந்த வேடமும் சும்மா மேடைக்கு வந்துவிடாது. முதலில் கட்டியகாரன் வந்து, இன்ன ராசா வருகிறார் என்று சபைக்கு அறிவிப்பான். பிறகு ராசா தானே ஆடிக்கொண்டு வந்து, நான் இன்னார், இன்ன நாட்டை ஆள்பவன், இன்ன குணமுள்ளவன் என்று தன்னுடைய வரவைப் பாடுவார். அது முடிந்த பிறகுதான் கதை. ஒருமுறை எமிலியானுஸ், குடிவெறியில் பெற்ற மகளின் தலையையே கேட்கிற ராசாவாக வந்தார். சபை பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தது. கிழவிகள் மண்ணை அள்ளிச் சபித்தார்கள். அடுத்தநாள் காலைப் பூசையில் அதே கிழவிகள் அவருக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று நற்கருணை நன்மை வாங்கினார்கள். ஒருவருக்கும் ஒரு மயக்கமும் இருக்கவில்லை. ராசா வந்தார், போனார். எமிலியானுஸ் எமிலியானுஸ்தான்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு, சண்டை நின்றிருந்த காலம். கடல் கொஞ்சம் திறந்திருந்தது, பாதையும் திறந்திருந்தது. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் புதிது புதிதாகச் சாமான்கள் வந்து இறங்கின. அப்படி வந்த ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாழ்ப்பாணத்திலிருந்து நிசாந்தன் என்ற பொடியன் நாரந்தனைக்கு வந்தான். ஏதோ ஒரு நிறுவனம் நடத்திய குறும்படப் பயிற்சிக்குப் போய்வந்தவன். பெருநாள் கூத்தில் எமிலியானுசைக் கண்டிருக்கிறான்.

"அண்ணை, உங்கட முகம் எனக்கு வேணும்," என்றான்.

"முகத்தை மட்டும் கொண்டுபோனால் மிச்சத்தை நான் என்ன செய்யிறது, தம்பி?"

நிசாந்தன் சிரித்துவிட்டு விசயத்தைச் சொன்னான். அரை மணித்தியாலப் படம். ஒரு கடற்றொழிலாளி, குடிகாரன். மனைவிக்கு அடிக்கிறவன். கடைசியில் மனைவி அவனை விட்டுவிட்டு வள்ளமேறிப் போய்விடுவாள். எமிலியானுசுக்கு வாய் ஊறியது. ஒரு வேடத்தில் இவ்வளவு சரக்கு இருந்தால் எவ்வளவு பாட்டுப் பாடலாம்.

"வசனக் கொப்பி எங்க? பாடமாக்க வேணுமெல்லே."

"கொப்பி இல்லை அண்ணை."

"பாட்டு?"

"இல்லை."

"அப்ப என்ர வரவு?"

"வரவெண்டு ஒண்டும் இல்லை. நீங்கள் இருப்பியள், கமரா உங்களைப் பாத்துக்கொண்டிருக்கும்."

அந்தக் கமரா உள்ளங்கைக்குள் அடங்கியது. பாசையூரில் கலியாண வீட்டு வீடியோக்காரன் தோளில் சுமந்து திரிந்த பெட்டியை நினைத்து, இது பிள்ளைகள் விளையாடுகிற சாமான் என்றுதான் எமிலியானுஸ் எண்ணினார். வெளிச்சமும் வேண்டாமாம், ஒப்பனையும் வேண்டாமாம். அவருடைய வீட்டிலேயே, அவர் அன்றாடம் உடுத்துகிற சாரத்தோடு, அவருடைய வள்ளத்தில். மனைவியாக நடிக்க யாழ்ப்பாணத்திலிருந்து தர்சினி என்ற நாடகப் பிள்ளை வந்தது. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் படிப்பு. வேறு நாளில் வந்து, வேறு நேரத்தில் தனியாக நடித்துவிட்டுப் போனது. அவர் தர்சினியோடு ஒன்றாக நின்றது ஒரேயொரு பின்னேரம்.

முதல்நாள் எமிலியானுஸ் குடிகாரனாய் ஆடிக் காட்டினார். போத்தலுக்குள் சாராயத்துக்குப் பதில் பால் விடாத பிளேன்ரீ. கால் பின்ன, கண் சொருக, கை வானத்தைப் பிடிக்க, முற்றம் முழுக்கச் சுழன்று வந்தார். மேரிஜோசப்பின் குசினி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"நல்லாயிருக்கு அண்ணை," என்றான் நிசாந்தன். "இன்னொருக்கா. கொஞ்சம் குறைச்சு."

குறைத்தார்.

"இன்னும் கொஞ்சம் குறைச்சு."

குறைக்கக் குறைக்க அவரிடம் கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டாம் நாள் நிசாந்தன் மெல்ல வந்து, "அண்ணை, இண்டைக்கு நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ. உங்கட வேலையைப் பாருங்கோ, நான் ஒரு பக்கத்தில நிக்கிறன்," என்றான்.

"உந்தக் கசெற் வீணாப் போகுமே."

"டிஜிற்றல் அண்ணை. எவ்வளவும் எடுக்கலாம். பிழைச்சால் மேலால எடுக்கலாம்."

அந்தக் கிழமை முழுக்க அவன் ஒரு பக்கத்தில் நின்றான். எமிலியானுஸ் கடலுக்குப் போனார், வந்தார், கருவாடு காயப் போட்டார், காகம் கலைத்தார், மத்தியானம் வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொண்டார். கமராவின் முனையில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டேயிருந்தது. எப்போது நடிக்கத் தொடங்குவது என்று இரண்டொருமுறை கேட்டார். சொல்லுறன் அண்ணை என்றான் பொடியன். சொல்லாமலே ஒருநாள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சில மாதம் கழித்து ஒரு சீடீ வந்து சேர்ந்தது. மேரிஜோசப்பினின் தம்பி அம்புறோசின் வீட்டில்தான் டெக்கும் ரீவியும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாருமாகப் போய் இருந்தார்கள்.

படம் தொடங்கியதும் கடல். வள்ளத்திலிருந்து ஒருவன் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் கரையை நோக்கி வருகிறான். கால் ஒரு பக்கம் போக உடம்பு ஒரு பக்கம் போகிறது. கண்ணிரண்டும் கொவ்வைப்பழம். ஒரு நாள் முழுக்கக் கடலில் நின்றுவிட்டுக் கரையில் கால் வைத்தால் எவனுக்கும் தரை ஆடும். உப்பும் வெயிலும் கண்ணைச் சிவப்பிக்கும். எமிலியானுசுக்கு அது தெரியும். அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் அடுத்த காட்சியில் முற்றத்தில் ஒரு வெற்றுப் போத்தல் சரிந்து கிடந்தது. அதற்கு அடுத்ததில் தர்சினி பயந்துபோய்க் கதவோரம் ஒதுங்கி நின்றாள். பிறகு பார்த்தால், வந்துகொண்டிருந்தவன் நிறைவெறியில் வந்துகொண்டிருந்தான்.

அவர் ஆடிய ஆட்டம் வரும் வரும் என்று எமிலியானுஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு துண்டும் வரவில்லை.

வந்தது வேறொன்று. அவருடைய முகம், திரை முழுக்க. எதையோ கண்டு கடுக்கிற முகம். பல்லுத் தெரிகிறது. கை ஓங்குகிறது, விசுக்கென்று இறங்குகிறது. உடனே தர்சினியின் கன்னம் மறுபக்கம் திரும்புகிறது. படார் என்று ஒரு சத்தம். அறையில் இருந்த பெண்கள் ஐயோ என்றார்கள். பிரேமினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது காகம்," என்றார் எமிலியானுஸ்.

ஒருவரும் திரும்பவில்லை.

"அது கருவாட்டில இருந்த காகத்துக்கு ஓங்கினது. அந்தப் பிள்ளை அண்டைக்கு இஞ்ச வரவேயில்லை."

படம் முடிந்தது. அம்புறோஸ் எழும்பி வந்து கையைப் பிடித்து, "அத்தான், நான் உங்களை ராசா எண்டுதான் நினைச்சிருந்தனான். நீங்கள் நடிகனப்பா," என்றான். தெருவில் கண்ட பத்துப்பேரும் அதையே சொன்னார்கள். எமிலியானுசுக்கு என்ன முகம் காட்டுவதென்று தெரியவில்லை. நன்றி சொன்னால் பொய், நடிக்கவில்லை என்று சொன்னால் தன்னடக்கம் என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து மனுசியிடம் கேட்டார்.

"இஞ்சரும், அது காகத்துக்குத்தானே ஓங்கினனான்? நீர் குசினிக்குள்ள நிண்டனீரெல்லே."

"ஓம். காகத்துக்குத்தான்."

"அப்ப ஏன் நீரும் உந்தாக்களோட சேந்து ஐயோ எண்டனீர்?"

மேரிஜோசப்பின் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீரை வடித்தாள்.

"எனக்குத் தெரியும் காகம் எண்டு. ஆனால் பாக்கேக்க எனக்குக் கன்னம் சுட்டது. நான் என்ன செய்யிறது."

இதோடு நின்றிருந்தால் எமிலியானுசின் குழப்பம் அவருடைய சொந்தக் குழப்பமாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த வருடம்தான் பிரேமினிக்குச் சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை அன்ரனிதாஸ், நெடுந்தீவு. அங்கே கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. முன்பு வந்த இரண்டு பேச்சுக்கும் வேண்டாம் என்று நின்ற பிரேமினி, சாட்டிக் கடற்கரையில் ஒரு சொந்தக்காரர் ஒன்றுகூடலில் அவனைக் கண்டுவிட்டு, கேட்பதற்கு முதலே ஓம் என்றிருந்தாள். இனிக் கோயிலில் கலியாண அறிவித்தல் வாசிக்கக் கொடுப்பதுதான் மிச்சம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சுக்கால் போய்வந்த அம்புறோஸ், ஒருநாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"அத்தான், அங்க படம் பாத்திட்டினம்."

"எந்தப் படம்?"

"உங்கட படந்தான். குறிகட்டுவான் துறையடிக் கடையில பிரதி அடிச்சு விக்கிறாங்கள். மாப்பிள்ளையின்ர தாய் மரியநாயகி அக்கா பாத்திட்டா. குடிகாரன் வீட்டில பொம்பிளை எடுக்கமாட்டன் எண்டு நிக்கிறா."

"அது நடிப்பெண்டு சொல்லேல்லையோ?"

"சொன்னனான். சொந்த வீட்டுக்குள்ள, சொந்தச் சாரத்தோட என்ன நடிப்பெண்டு கேக்கிறா."

எமிலியானுஸ் மகளைப் பார்த்தார். பிரேமினி கதிரைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. "நீங்கள் ஒருக்காப் போய்க் கதையுங்கோ, அப்பா," என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரலில் குற்றம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நெடுந்தீவுக்குப் போவதற்கு முதல் அவர் யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினார். நிசாந்தன் ஒரு ஸ்ரூடியோவின் பின்னறையில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தான். திரையில் ஒரு கலியாண வீடு சிறு சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு வரிசையில் கிடந்தது. மணவறையில் இருந்த பொம்பிளையின் தலைக்கு மேலால் அவன் பூமழை பொழியச் செய்துகொண்டிருந்தான்.

"தம்பி, எனக்கு அந்தக் காகம் வேணும்."

நிசாந்தனுக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் சுருங்கிப்போயிற்று.

"அண்ணை, அந்தக் கசெற்றுக்கு மேலால நான் உந்தக் கலியாணத்தை எடுத்திட்டன். காகம் அதோட அழிஞ்சுபோட்டுது."

"கொம்பியூட்டருக்குள்ள கிடக்காதே?"

"வெட்டின மிச்சத்தை அழிச்சாச்சு. இடம் காணாது."

"நான் ஆடினது? போத்தலோட?"

"அதுவும்."

எமிலியானுஸ் கொஞ்சநேரம் பூமழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பொம்பிளைக்கு மேலே பூ விழுவது அந்தப் பொம்பிளைக்கே தெரிந்திருக்காது.

"அப்ப ஒண்டு செய். படத்துக்கு முன்னால எனக்கொரு வரவு வை. நான் வந்து நிண்டு, நான் எமிலியானுஸ், இதில குடிகாரனாய் வாறன் எண்டு பாடிப்போட்டுப் போறன். பேந்து நீ உன்ர படத்தைக் காட்டு."

"அது படத்தைக் கெடுத்துப்போடும் அண்ணை."

"என்ர பிள்ளையின்ர கலியாணம் கெட்டுப்போச்சு."

நிசாந்தன் தலையைச் சொறிந்தான். கெட்ட பிள்ளை அல்ல. "நான் வைச்சுத் தரலாம். ஆனால் வெளியில போன பிரதியெல்லாம் போனதுதான். ஆர் ஆர் வீட்டில கிடக்கெண்டு எனக்கும் தெரியாது. ஒரு சீடீயைப் பிடிச்சு உடைச்சால் ரெண்டு கிடக்கும்," என்றான். பிறகு, ஆறுதல் சொல்வதாக நினைத்து, "உங்களை எல்லாரும் கேக்கினம் அண்ணை. அடுத்த படத்துக்கும் நீங்கள்தான் வேணும். நடிக்கிறதே தெரியாமல் நடிக்கிறியள் எண்டு சொல்லினம்," என்றான்.

நடிக்கிறது தெரியாமல் நடித்தது யார் என்று அவனிடம் கேட்க எமிலியானுசுக்கு வாய் வந்தது. எழும்பிப் பஸ்சுக்கு நடந்தார். பஸ் பண்ணைப் பாலத்தால் போகும்போது யன்னல் கண்ணாடியில் தன்னுடைய முகத்தைப் பார்த்தார். 

அடுத்த கிழமை அம்புறோசையும் கூட்டிக்கொண்டு நெடுந்தீவுக்குப் போனார். சோழகக் காற்றுக் காலம், கடல் கொந்தளிப்பு. படகில் மேல்தட்டில் இடம் இல்லை; கீழே அரிசி மூட்டைகளுக்கு மேல், டீசல் புகைக்குள் குந்திக்கொண்டு போகவேண்டியதாயிற்று. சொந்த வள்ளத்தில் நின்றுகொண்டு போகிறவருக்கு அந்த இருப்பு ஒத்துக்கொள்ளவில்லை. நெடுந்தீவுத் துறையில் கரையேறும்போது இரண்டு காலும் விறைத்து, புகையில் கண் எரிந்து சிவந்து, ஒரு அடி முன்னுக்கும் ஒன்றரை அடி பக்கத்துக்குமாகத் தள்ளாடி நடந்தார்.

துறையில், படகில் வந்த தன்னுடைய மூட்டையை எடுக்க ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒல்லியான, வெள்ளைச் சேலை கட்டிய அம்மா. அம்புறோஸ் அவளைக் கண்டதும் நின்றான்.

"அத்தான், அவதான் மரியநாயகி அக்கா. கொஞ்சம் நேரா நடவுங்கோ."

நேராக நடக்க வெளிக்கிட்டதில் இன்னும் கொஞ்சம் சரிந்துபோனார்.

மரியநாயகி அவரைக் காலிலிருந்து கண்வரைக்கும் பார்த்தாள். "வாங்கோ," என்றாள். "வழியில ஏதும் எடுத்தனியளோ?"

"கடல் சரியான அடி, அக்கா," என்றான் அம்புறோஸ்.

"கடல் எல்லாருக்குந்தான் அடிச்சது. மற்றாக்கள் நேராத்தானே வந்தினம்."

ஆனாலும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுதான் போனாள். வந்தவரைத் துறையிலேயே திருப்பி அனுப்புகிற வளர்ப்பு அவளுடையது அல்ல. முருகைக்கல் அடுக்கிய வேலிக்குள் சின்ன வீடு, கூட்டி வைத்த மணல் முற்றம். கதிரை போட்டாள், கோப்பி கொடுத்தாள். அன்ரனிதாஸ் உள்வாசலில் வந்து நின்றான். எமிலியானுசைப் பார்த்துச் சிரிப்பதா விடுவதா என்று தெரியாத ஒரு நிற்பு.

எமிலியானுஸ் நடந்ததை நடந்தபடி சொன்னார். கடல், கண், கருவாடு, காகம்.

"படத்தில காகத்தைக் காணேல்லையே," என்றாள் மரியநாயகி.

"வெட்டிப்போட்டாங்கள்."

"காகத்தையோ?"

"காகத்தை இல்லை. காகம் வந்த துண்டை."

மரியநாயகி கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அண்ணை, எனக்குச் சினிமா தெரியாதெண்டு நினையாதேங்கோ. சினிமாவெண்டால் முகத்துக்குப் பூசுவினம், வெளிச்சம் போடுவினம், பாட்டுக்கு ஆடுவினம். அது நடிப்பெண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். உது உங்கட வீடு. உங்கட வள்ளம், நம்பரும் தெரியுது. நான் எதை எதிலயிருந்து பிரிச்சறியிறது?"

 அவருக்கே அதுதானே தெரியவில்லை.

"சொந்த வீட்டுக்குள்ள நடிச்ச ஒருத்தரை எனக்குத் தெரியும்," என்று அவள் சொன்னாள். "உவன்ர தேப்பன். குடிச்சுப்போட்டுக் குடியாத ஆள் மாதிரி நடிப்பார். கோயில் சுவாமியாருக்கு முன்னால, என்ர தாய்க்கு முன்னால. நல்ல நடிப்பு. ஈரல் பழுதாகி ஆஸ்பத்திரியில விழுந்த பிறகுதான் எல்லாருக்கும் தெரிய வந்தது. அண்டைக்கு நேந்தனான், போத்தல் புழங்கிற வீட்டோட எனக்கொரு தொடுசலும் வேண்டாமெண்டு."

அன்ரனிதாஸ், "அம்மா," என்றான்.

"நீ பேசாமல் இரு. அண்ணை, குடிச்சவர் குடியாத மாதிரி நடிச்சதை நான் கண்டனான். நீங்கள் குடியாத ஆளெண்டால், குடிச்ச மாதிரி ஒருக்கா நடிச்சுக் காட்டுங்கோ. இந்த முற்றத்தில. கமராவும் இல்லை, வெட்டுறதுக்கு ஆளும் இல்லை."

எமிலியானுஸ் எழும்பினார். எழும்பியபிறகுதான் அவருக்கு மலைத்தது. படத்தில் கண்டது மாதிரியே நடித்துக் காட்டினால், இவர் குடிகாரன்தான் என்பாள். நடிக்கத் தெரியாமல் நின்றாலோ, அப்போது படத்தில் கண்டது நிசம் என்பாள். குறைத்துச் செய்வதா? ஒன்றும் செய்யாமல் நிற்பதா? ஒன்றும் செய்யாமல் நின்றதால்தானே இவ்வளவும் வந்தது. உள்வாசலில் நின்ற பொடியனைப் பார்த்தார். பிரேமினி கதிரைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பு கண்ணுக்குள் வந்தது. யோசிக்க யோசிக்கக் கயிறு இன்னும் சிக்குப்பட்டது. கடைசியில் யோசிப்பதை விட்டுவிட்டார்.

சால்வையை இடுப்பில் கட்டினார். தொண்டையைச் செருமினார். பிறகு கட்டியகாரனும் இல்லாமல், மத்தளமும் இல்லாமல், மகளின் தலையைக் கேட்ட அந்த ராசாவின் வரவை முழுக்குரலில் எடுத்தார்.

வேலிக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்த குதிரையொன்று தலையைத் தூக்கியது. மதுவுண்டு மதிகெட்ட மன்னவன் வந்தேனே என்று பாடி, கால் பின்ன, கண் சொருக, கை வானத்தைப் பிடிக்க, அவர் முற்றத்தைச் சுற்றி வந்தார். கடைசி வரிசையில் பாய் விரித்திருப்பவனுக்கும் தெரியவேண்டும் என்று பழகிய அசைவு. பார்ப்பவர்களோ கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தார்கள். ஆனாலும் அவர் குறைக்கவில்லை. தன் வாழ்நாளில் இவ்வளவு உயிரைக் கொடுத்து ஒருநாளும் ஆடியதில்லை என்று அவருக்கே பட்டது. மகளுக்காகத் தலையைக் கேட்டார். மகளுக்காகத் தள்ளாடினார். இரண்டாம் சுற்றில் கதிரையைப் பிடிக்கப்போய் விழுந்தார். அதுவும் தாளத்தோடுதான் விழுந்தார்.

முதலில் சிரித்தது அன்ரனிதாஸ். பிறகு அம்புறோசும் அடக்கமாட்டாமல் திரும்பி நின்றான். மரியநாயகி சேலைத் தலைப்பை வாயில் வைத்துப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"காணும் அண்ணை, காணும். எழும்புங்கோ. இடுப்பு முறிஞ்சுபோம்."

எமிலியானுஸ் மணலைத் தட்டிக்கொண்டு எழும்பினார். மூச்சு வாங்கியது. என்ன தீர்ப்பு என்று விளங்கவில்லை.

"குடிகாரர் உப்பிடி ஆடமாட்டினம்," என்றாள் மரியநாயகி. "ஆடாமல் நடக்கத்தான் படாதபாடு படுவினம். சுவரைப் பிடிச்சதும் தெரியாமல் பிடிப்பினம். ஒரு சொல்லுச் சொல்ல மூண்டு தரம் வாய்க்குள்ள சொல்லிப் பாப்பினம். நான் அதைப் பாத்தே வயசு போனவள். உங்களுக்குக் குடியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது."

"அப்ப கலியாணம்?" என்று கேட்டது அம்புறோஸ்.

"சுவாமியாரிட்டச் சொல்லி வாற ஞாயிறே அறிவித்தல் வாசிக்கக் குடுங்கோ." பிறகு எமிலியானுசின் பக்கம் திரும்பினாள். "ஆனால் ஒரு சொல்லுத் தரவேணும். மேடையில எவ்வளவும் குடியுங்கோ, ஆரின்ர தலையையும் கேளுங்கோ. உந்தக் கமராவுக்கு முன்னால மட்டும் இனிப் போகாதேங்கோ. உவன்ர தேப்பன் ஒரு நடிகரே எனக்குச் சீவியத்துக்குக் காணும்."

"தாறன்," என்றார் எமிலியானுஸ். யோசிக்காமலே சொன்னார்.

பின்னேரப் படகில் மேல்தட்டிலேயே இடம் கிடைத்தது. காற்றுக் கொஞ்சம் விழுந்திருந்தது. அம்புறோஸ் கலியாணத்துக்கு யார் யாருக்குச் சொல்வது, எந்தப் பந்தல்காரனைப் பிடிப்பது என்று தன்பாட்டில் கதைத்துக்கொண்டு வந்தான்.

"அம்புறோஸ்."

"என்னத்தான்?"

"நான் வடிவாத்தானே ஆடினனான்?"

அம்புறோஸ் அவரைப் பார்த்தான். அத்தான் பகிடி விடவில்லை என்று தெரிந்ததும் கடலைப் பார்த்தான். "பிள்ளையின்ர காரியம் முடிஞ்சுதெல்லே. பிறகென்ன," என்றான்.

பிறகென்ன என்பதுதான் எமிலியானுசுக்கும் தெரியவில்லை. உயிரைக் கொடுத்து ஆடியதைப் பார்த்துச் சிரித்தார்கள், நல்லகாலம் சிரித்தார்கள். காகம் கலைத்ததைப் பார்த்து நடுங்கினார்கள். மேரிஜோசப்பினுக்குக் கன்னம் சுட்டது. சுட்டது யாருடைய கை? தன்னுடைய கைதான், அந்தக் கையை வைத்துத்தான் இப்போது படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்த அடி இந்தக் கைக்குள் எங்கேயிருந்தது என்று எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. இனிக் கமராவுக்கு முன்னால் போகவும் ஏலாது, சொல்லுக் கொடுத்தாயிற்று. படத்தில் வந்த அந்த ஆள் தனக்குள் இருக்கிறானா என்று இன்னொருமுறை பார்க்கவும் வழியில்லை.

நயினாதீவுக் கோபுரம் தெரியத் தொடங்கிய இடத்தில், எதிர்ப்பக்கம் கைக்குழந்தையோடு இருந்த பெண் ஒருத்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையை மற்றப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, மெல்லக் கேட்டாள்.

"ஐயா, நீங்கள் அந்தச் சீடீயில வாற ஆளெல்லே? மனுசிக்கு அடிக்கிறவர்?"

அம்புறோஸ் கதையை நிறுத்திவிட்டு அத்தானின் வாயைப் பார்த்தான். எமிலியானுஸ் கம்பியிலிருந்து கையை எடுத்தார். அந்தப் பெண்ணின் முகத்தில் பயமும் ஒருவித மரியாதையும் கலந்து கிடந்தன. ராசா வேடத்துக்கு ஒருநாளும் அப்படியொரு முகத்தை அவர் கண்டதில்லை.

"இல்லைப் பிள்ளை," என்றார். "அது வேற ஆள்."

சொல்லிவிட்டு, சொன்னது பொய்யா உண்மையா என்று தெரியாமல், படகு கரை தட்டும்வரை இருந்தார்.